எல்லைக்கு இருபுறமும் ஒரே கத்தரிக்காய், சட்டம் மட்டும் இரண்டு

வங்காளதேசத்தின் ரங்பூர் வட்டாரத்தில் விளையும் பி.டி. கத்தரிக்காய் அந்நாட்டில் சட்டப்படி விற்கத் தக்க காய்கறி. அதையே ஒரு கூடையில் எடுத்துவந்து, எல்லைக்கு இப்பால் மேற்கு வங்காளத்தின் கூச்பிகார் சந்தையில் இறக்கினால், விற்றவர் சட்டத்தை மீறியவர் ஆகிறார். காய் மாறவில்லை, நிறமும் ருசியும் மாறவில்லை. நடுவில் ஒரு முள்வேலி இருக்கிறது, அவ்வளவுதான். மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றி அண்டை நாடுகள் ஆளுக்கொரு விதி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் தேவையில்லை.

"இது விவசாயிகளும் விஞ்ஞானிகளும் பேசவேண்டிய விஷயம், மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று நம் வணிக நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். விதையை உண்டாக்கியவரும் அதற்கு அனுமதி தந்த குழுவும் கடைத்தெருவில் இருப்பதில்லை. சாம்பிள் எடுக்க வரும் அதிகாரி வந்து நிற்பது நம் கல்லாவுக்கு முன்னால்தான். மரபணு மாற்று உணவு நல்லதா, கெட்டதா என்ற வழக்கை இந்தப் பக்கங்களில் நாம் தீர்க்கப் போவதில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், நாட்டுக்கு நாடு விதி மாறுவதால் வரும் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதே நம் கேள்வி.

கத்தரிக்காயின் கதை

முதலில் பி.டி. என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மண்ணில் வாழும் ஒரு வகை பாக்டீரியா, சில புழுக்களுக்கு விஷமாகும் ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவை எடுத்துச் செடியில் சேர்த்துவிட்டால், செடியே அந்தப் புரதத்தைச் செய்துகொள்ளும். கத்தரியில் குருத்தையும் காயையும் துளைக்கும் புழு வந்தால் பாதிக் காய் சொத்தையாகிவிடும் என்பதைக் காய்கறி வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புழுவுக்காகத்தான் பி.டி. கத்தரி வந்தது.

இந்தியாவில் இந்த வேலையில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய நம் ஊர்க் கத்தரி ரகங்களில் இந்த மரபணுவைச் சேர்த்து அங்கே ஆராய்ச்சி நடந்தது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு பி.டி. கத்தரிக்குச் சாதகமாகப் பரிந்துரைத்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், கொல்கத்தா முதல் பெங்களூர் வரை ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு, 9-2-2010 அன்று அதை நிறுத்தி வைத்தார்.

வங்காளதேசம் வேறு வழியில் போயிற்று. 2013 அக்டோபர் 30ஆம் தேதி நான்கு பி.டி. கத்தரி ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று வழங்கப்பட்டது. இரண்டு அரசுகள் பார்த்தது ஏறக்குறைய ஒரே மரபணுவை; வந்த முடிவுகள் இரண்டு. அனுமதியோடு, சரக்கை அடையாளம் காட்டி விற்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே விதிக்கப்பட்டது. கூடை கூடையாய்ச் சந்தைக்கு வரும் கத்தரிக்காயில் எங்கே சீட்டு ஒட்டுவது என்பதை நிபந்தனை எழுதியவர்கள் ஒரு நாள் காய்கறி மண்டிக்கு வந்து பார்த்திருக்கலாம்.

2019இல் ஹரியானாவின் ஃபதேகாபாத் மாவட்டத்தில் ஒரு வயலில் பி.டி. கத்தரி விளைந்திருப்பது சோதனையில் உறுதியாகி, செடிகள் அழிக்கப்பட்டன. தடை இருந்தும் விதை போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. பருத்தியிலும் இதுதான் நடந்தது. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002இல்தான் அனுமதி. ஆனால் 2001லேயே குஜராத் வயல்களில் அது இருந்தது. பாகிஸ்தானில் 2010இல் முறையான அனுமதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பி.டி. பருத்தி பரவலாகப் பயிராகிக்கொண்டிருந்தது. விதைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அண்டை வீட்டுக்காரர் எதைப் பயிரிடுகிறார் என்று தெரியாமல் நம் வீட்டுக் கதவை மட்டும் பூட்டினால் போதாது என்பதை மூன்று நாடுகளின் அனுபவமும் காட்டுகிறது.

தானியம் விதையாகவும் இருக்கிறது

மளிகைக் கடையில் நாம் விற்கும் பொருள்களை இந்த விஷயத்தில் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முழு மக்காச்சோளம், சோயா, பயறு, பருத்திக்கொட்டை போன்றவை உணவு அல்லது தீவனம்தான். ஆனால் மண்ணில் விழுந்தால் முளைக்கும். மாவு, ரவை, எண்ணெய், பிண்ணாக்கு முளைக்காது. வயலுக்கு ஆபத்து வருமா என்று அஞ்சும் சட்டங்கள் முதல் வகையைத்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. சாப்பிடுபவருக்கு ஆபத்து வருமா என்று பார்க்கும் சட்டங்கள் இரண்டையும் பிடிக்கின்றன. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பல நாடுகளின் விதிகள் எளிதில் விளங்கும்.

பூடான் 2015இல் இயற்றிய உயிரியல் பாதுகாப்புச் சட்டம், இனப்பெருக்கம் செய்யக்கூடிய மரபணு மாற்றுப் பொருள் எதையும் நாட்டுக்குள் விடுவதில்லை. முளைக்காத பதப்படுத்திய பொருளுக்கு வழி வைத்திருக்கிறது. இந்தியாவும் நெருக்கடி வந்தபோது இதே பிரிவினையைத்தான் பயன்படுத்தியது. 2021இல் சோயாப் பிண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறி, நாமக்கல் உட்பட நாடெங்கும் கோழிப்பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு இடம் கொடுத்தது. உடைத்து எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் உயிருள்ள விதை எதுவும் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். சரக்கு இறங்க முதலில் குறிக்கப்பட்ட இடங்கள் இரண்டு: ஒன்று மும்பை அருகே நவசேவா துறைமுகம், மற்றொன்று வங்காளதேச எல்லையில் உள்ள பெட்ராபோல் சுங்கச் சாவடி. வங்காளதேச ஆலைகள் வெளிநாட்டு சோயாவை வாங்கி ஆட்டுகின்றன. அந்தப் பிண்ணாக்கு நமக்கு லாரியில் வரும். பக்கத்து நாட்டின் இறக்குமதி விதி நம் கோழித் தீவனத்தின் விலையைத் தொடுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மாவாக்கினால் பிரச்சினை தீரும் என்ற யோசனை ஆப்பிரிக்காவில் பெரிய சோதனைக்கு உள்ளாயிற்று. 2002இல் தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கடும் பஞ்சம். உதவியாக வந்த அமெரிக்க மக்காச்சோளத்தில் மரபணு மாற்று ரகங்கள் கலந்திருந்தன. ஜிம்பாப்வே, மொசாம்பிக், மலாவி ஆகியவை அரைத்து மாவாகக் கொடுத்தால் ஏற்போம் என்றன. ஸ்வாசிலாந்து அப்படியே பெற்றுக்கொண்டது. ஜாம்பியா மாவும் வேண்டாம் என்று மறுத்துவிட்டது. நிலத்தால் சூழப்பட்ட நாடுகளுக்குப் போகும் சரக்கு அடுத்த நாட்டின் துறைமுகத்தில் இறங்கி, அடுத்த நாட்டின் சாலையில்தான் போக வேண்டும். ஆளுக்கொரு விதி இருந்ததால் அரைப்பதற்கு ஆலை தேடியும், சரக்கைப் பிரித்து வைத்தும், வழியை மாற்றியும் நாட்கள் போயின. பசித்தவனுக்கு அந்த நாட்கள் பெரிது. அதற்குப் பிறகுதான் அந்தப் பகுதியில் கூட்டு விதி பற்றிய பேச்சு சூடு பிடித்தது.

நம் பக்கத்திலும் சரக்கு நின்ற கதை உண்டு. 2022 அக்டோபரில் கராச்சிக்கு அருகே காசிம் துறைமுகத்தில் மரபணு மாற்று சோயா ஏற்றிவந்த கப்பல்கள், உயிரியல் பாதுகாப்பு உரிமம் இல்லை என்று நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே சரக்கு, அதே துறைமுகத்தில் தாராளமாக இறங்கிக்கொண்டிருந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்த விதி ஒருநாள் திடீரென்று கண்விழித்துக்கொண்டது. தீவன ஆலைகள் திண்டாடின. கோழிக்கறி விலை ஏறியது. கடுமையான விதியைக்கூட வியாபாரி கணக்கில் வைத்துக்கொள்வான். எந்த நாள் அமலாகும் என்று தெரியாத விதியை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அரை சதவீதமா, ஒரு சதவீதமா?

இனி நமக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருவோம். தானிய வியாபாரத்தில் நூற்றுக்கு நூறு சுத்தம் என்பது பேச்சு வழக்குதான். லாரியின் மூலையில் முந்தைய லோடு கொஞ்சம் தங்கும்; கிடங்கைக் கூட்டி அள்ளியதும் மூட்டைக்குள் போகும். ஆகவே, தவறிக் கலந்தது எவ்வளவு இருந்தால் பொறுக்கலாம் என்று ஒரு எல்லை வைக்க வேண்டியிருக்கிறது. அந்த எல்லையில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

இலங்கை 2001இல் மரபணு மாற்று உணவுகளுக்கு முழுத் தடை போட முயன்று, வெளிநாட்டு எதிர்ப்பால் அதை ஒத்தி வைத்தது. பிறகு 2006இல் விதிகள் செய்து, 2007 ஜனவரி முதல் அமலாக்கியது. அதன்படி மரபணு மாற்று உணவுக்கு முன் அனுமதி வேண்டும். ஒரு பொருளில் அது 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயர்ச்சீட்டில் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, விதிமுறைகளில் இடம் தரப்பட்டாலன்றி மரபணு மாற்று உணவைத் தயாரிப்பதையும், விற்பதையும், இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 ஆகஸ்ட்டில் ஓர் உத்தரவு போட்டது. அரிசி, கோதுமை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, ஆப்பிள் உட்பட 24 விளைபொருள்கள் இறக்குமதியாகும்போது, மரபணு மாற்றம் இல்லை என்று ஏற்றுமதி நாட்டு அரசின் சான்றிதழ் வேண்டும் என்பது அதன் சாரம். தவறிக் கலந்தது 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். 2021 மார்ச் முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, தான் அனுமதித்த ரகங்களுக்கு 0.9 சதவீதம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. அனுமதிக்காத ரகம் உணவில் துளியும் இருக்கக் கூடாது.

ஒரு கணக்குக்காக, 10 டன் மக்காச்சோளத்தில் 70 கிலோ மரபணு மாற்று ரகம் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 0.7 சதவீதம். இந்திய உத்தரவின்படி அது பொறுக்கத்தக்க அளவுக்குள் இருக்கிறது. கொழும்பில் இறங்கினால் அது சீட்டு ஒட்டவேண்டிய சரக்கு. தூத்துக்குடியில் ஏற்றும்போது யோக்கியமான வியாபாரி, கடல் தாண்டியதும் உண்மையை மறைத்தவர் ஆகிறார். 70 கிலோவும் லோடு முழுவதும் சமமாகப் பரவியிருக்காது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு மூட்டையில் குத்தூசி போட்டால் ஒன்றும் வராது. அடுத்த மூட்டையில் போட்டால் பத்து சதவீதம் வரும். எத்தனை மூட்டையில், எத்தனை கிராம், எந்த முறையில் சாம்பிள் எடுக்க வேண்டும் என்று இரு நாடுகளும் ஒத்துப்போகாதவரை, இரண்டு ஆய்வுக்கூடங்கள் இரண்டு பதில் சொல்லத்தான் செய்யும். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

இந்தியாவில் மரபணு மாற்று நெல்லைப் பயிரிட்டு விற்க அனுமதி கிடையாது. ஆனாலும் 2021இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன 500 டன் குருணை அரிசி பற்றி, அதன் மாவில் மரபணு மாற்றத்தின் அடையாளம் இருப்பதாக பிரான்ஸ் எச்சரிக்கை விட்டது. அந்த மாவில் செய்த மிட்டாய்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நம் நாட்டில் அப்படி ஒரு நெல்லே வியாபாரத்தில் இல்லை, கலப்பு அங்கே நேர்ந்திருக்கலாம் என்று இந்திய அரசு மறுத்தது. ஏற்றும்போது எடுத்த சாம்பிளை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால், இந்த வாதமே எழுந்திராது.

எண்ணெய் வேறு ரகச் சிக்கல். நன்கு சுத்திகரித்த சோயா எண்ணெயில் மரபணுவின் சுவடு அநேகமாக மிஞ்சுவதில்லை. சோதனைக்கு ஒன்றும் அகப்படாது. அர்ஜென்டினா போன்ற நாடுகளின் மரபணு மாற்று சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்ய இந்தியா 2007இல் அனுமதி கொடுத்தது. நேபாளமும் கச்சா சோயா எண்ணெயை இறக்கிச் சுத்திகரித்து, சுங்கச் சலுகையோடு நமக்கு அனுப்பியிருக்கிறது. டின்னைத் திறந்து சோதித்துப் பயனில்லை. கூட வரும் காகிதம் ஒன்றுதான் அதன் பிறப்பைச் சொல்லும். நம் ஊர்ச் சரக்கும் இதற்கு விலக்கல்ல. இந்தியப் பருத்திப் பரப்பில் மிகப் பெரும்பகுதி பி.டி. ரகம்தான். மதுரையில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பாலுக்குக் கொட்டை எந்த ரகம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விற்பவரிடம் பதிலும் இருக்காது.

எதை ஒன்றாக்க வேண்டும்?

எல்லா நாடும் ஒரே முடிவு எடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வங்காளதேசம் வேண்டும் என்கிறது, பூடான் வேண்டாம் என்கிறது; அவரவர் நிலம், அவரவர் மக்கள். நம் நாட்டுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022 அக்டோபரில் குழு பரிந்துரை செய்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். தேசியக் கொள்கை ஒன்று வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். வீட்டுக்குள் ஆகாத காரியத்தைத் தெருவே கூடிச் செய்யும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் முடிவு வேறாக இருந்தாலும் தராசு ஒன்றாக இருக்கலாம் அல்லவா? படிக்கல் நாட்டுக்கு நாடு மாறினால் வியாபாரம் நடக்குமா?

இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2000 ஜனவரியில் உருவாகி 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த கார்ட்டஜீனா உடன்படிக்கையில் இந்தியா, வங்காளதேசம், இலங்கை, பாகிஸ்தான் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படக்கூடிய ஒரு மரபணு மாற்றுப் பயிருக்கு உள்நாட்டில் இறுதி முடிவு எடுத்த நாடு, 15 நாட்களுக்குள் பொதுத் தகவல் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. உயிருள்ள சரக்கோடு போகும் காகிதத்தில் "உள்ளது" அல்லது "இருக்கக் கூடும்" என்று எழுத வேண்டும். தவறி எல்லை தாண்டினால் பக்கத்து நாட்டுக்குச் சொல்ல வேண்டும். அண்டை நாடுகள் தங்களுக்குள் தனி ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடம் தந்திருக்கிறது. எத்தனை சதவீதம் என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிட்டது. நம் தொல்லை முழுவதும் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

அதன் துணை உடன்படிக்கை ஒன்று 5-3-2018 முதல் அமலில் இருக்கிறது. இது நம்மவர் அனைவரும் அறியவேண்டியது. மரபணு மாற்று உயிரால் இயற்கை வளத்துக்குச் சேதம் நேர்ந்தால் யாரைப் பொறுப்பாக்கலாம் என்று சொல்லும்போது, விதையை உருவாக்கியவரோடு ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், சரக்கைச் சுமந்து சென்றவர், சப்ளை செய்தவர் ஆகியோரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க உள்நாட்டுச் சட்டத்துக்கு இடம் கொடுக்கிறது. இந்தியா இதில் உறுப்பினர். லாரிக்காரரையும் மொத்த வியாபாரியையும் பொறுப்பில் சேர்க்க வழி வைத்தவர்கள், விதி செய்யும் மேசையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கோமெசா பொதுச் சந்தை அமைப்பு 2014இல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆபத்து உண்டா என்ற ஆராய்ச்சியை எல்லா நாட்டு நிபுணர்களும் கூடி ஒருமுறை செய்வார்கள். அறிக்கை எல்லோருக்கும் போகும். ஏற்பதா, மறுப்பதா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். நடைமுறையில் மெதுவாகத்தான் நகர்கிறது என்றாலும், யோசனை நமக்குச் சரியாகப் படுகிறது. சார்க் நாடுகளும் 2011 நவம்பரில் மாலத்தீவின் அட்டு நகரில், ஒரு நாட்டின் தரச் சோதனைச் சான்றை மற்ற நாடு ஏற்பது பற்றியும், பொதுவான தரங்களை அமலாக்குவது பற்றியும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. அதே நாளில் கூட்டு விதை வங்கிக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. பாத்திரம் தயார், சமைக்கத்தான் ஆளில்லை. 2016இல் இஸ்லாமாபாதில் நடக்கவேண்டிய சார்க் உச்சி மாநாடு நின்றுபோனது. அரசியல் நமக்குப் புரியாததல்ல. ஆனால் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தின் சான்றைக் கொழும்பு ஏற்கவும், டாக்கா சான்றைக் கொல்கத்தா ஏற்கவும் எட்டு நாட்டுத் தலைவர்களும் கூட வேண்டிய அவசியமில்லை. இரண்டிரண்டு நாடுகளாகப் பேசினாலே ஆகக்கூடிய காரியம்.

அதுவரை நாம் என்ன செய்வது? இறக்குமதிச் சரக்கை வாங்கும் மொத்த வியாபாரிகள், அந்த 24 பொருள்களில் ஒன்றாக இருந்தால், சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிப் பில்லோடு சேர்த்துவைக்க வேண்டும். லாட் எண் சான்றிதழிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அந்தக் காகிதம் பொட்டலம் மடிக்கத்தான் உதவும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி விற்பவர் வாங்குபவருக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். படிவம் 'இ' என்று நாம் சொல்வது அதைத்தான். தனிப் படிவம் இல்லாவிட்டாலும் பில்லே உத்தரவாதமாகக் கொள்ளப்படும் என்பதால், பில் இல்லாமல் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி தன் ஒரே கேடயத்தை மண்டியிலேயே விட்டுவிட்டு வருகிறார். அதிகாரி சாம்பிள் எடுக்கும்போது அதை நான்கு பகுதியாகப் பிரிப்பார். நாம் கேட்டால், நான்காவது பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு நம் செலவில் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்கவேண்டிய நேரம் சாம்பிள் எடுக்கும் அந்த நேரம்தான்.

ஏற்றுமதி செய்யும் நண்பர்கள், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஏற்றுவதற்கு முன்பே வாங்குபவரின் ஏஜெண்டு முன்னிலையில் சாம்பிள் எடுத்து, இரு தரப்பும் முத்திரையிட்டு, ஒரு பகுதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது. எந்த நாட்டு எல்லை அளவு, எந்தச் சோதனை முறை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சரக்கு அக்கரையில் இறங்கி, பணம் கைக்கு வந்து சேரும்வரை அந்த முத்திரையை உடைக்க வேண்டாம்.